எதிரில் பயராபீஸ்

லட்சுமிகாந்தத்தின் உண்மை பேசும் வியாதியால் முதலில் பாதிக்கப்பட்டவர் ஒரு பஸ் கண்டக்டர். நாங்கள் இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு படித்த காலம். திருத்தங்கலில் நாங்கள் பள்ளிக்கூடம் போகிற டவுன் பஸ்ஸில் ஒரு நாள் மூச்சுவிட இடமில்லை. கண்டக்டரால் எங்கள் பக்கம் வரவே முடியவில்லை. நான் இறங்கியதும் டிக்கெட் காசுக்கு வடை வாங்கித் தின்றேன். இவன் மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கண்டக்டரைத் தேடிப் பிடித்து, நேற்று டிக்கெட் எடுக்கவில்லை, இந்தாங்க காசு என்று நீட்டியிருக்கிறான். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர் செக்கிங் இன்ஸ்பெக்டர். கண்டக்டருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த மனிதர் ஸ்டாப்பில் லட்சுமிகாந்தம் நிற்பதைப் பார்த்தால் நிறுத்தாமல் விசில் அடித்துவிடுவார். கூட நின்ற பாவத்துக்கு நானும் நடந்தே பள்ளிக்கூடம் போனேன்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கூத்துதான். காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு, எனக்குக் குறட்டை உண்டு, போன மாதம் பார்த்த வீட்டில் அதனால்தான் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று சபையில் சொன்னான். அவர்களுக்கு உன் குறட்டை எப்படித் தெரியும் என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். நான்தான் சொன்னேன் என்றான். உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தப் பெண்தான் அவன் மனைவி. முப்பது வருஷமாகக் குறட்டையைச் சகித்துக்கொள்கிறாள். உண்மையைச் சகிக்கத்தான் இன்னும் பழகவில்லை என்பாள்.

நான் சங்கரலிங்கம். இருபத்தாறு வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டாக இருந்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு படிவம் அனுப்புவார்கள்.

லட்சுமிகாந்தம் தலையெடுத்து, திருத்தங்கலிலிருந்து ஆமத்தூர் போகும் வழியில் ஒரு ஷெட் போட்டு, காலண்டர் அட்டை ஒட்டும் கம்பெனி வைத்தான். தினசரி காலண்டரில் சாமி படம் ஒட்டியிருக்கும் அட்டை இருக்கிறதே, அதுதான் அவன் சரக்கு. அட்டையை வெட்டி, படத்தை ஒட்டி, மேலே தகரப் பட்டை அடித்து, ஆணியில் மாட்டத் துளை போட்டு அனுப்புவார்கள். இருபத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். அட்டை, தாள், பசை எல்லாமே பற்றிக்கொள்ளும் சாமான். அதனால் ஷெட்டுக்குள் ஊதுபத்தி கொளுத்தக்கூட விடமாட்டான். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மின்சாரத்தில் எரிகிற குட்டி விளக்குதான். லட்சுமி அதற்கே அருள் செய்யட்டும் என்பான்.

ஷெட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மணிகண்டராஜின் பயராபீஸ். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் வேலை நடக்கிற இடமெல்லாம் ஆபீஸ்தான். தீப்பெட்டி செய்கிற இடம் பெட்டியாபீஸ். பட்டாசு செய்கிற இடம் பயராபீஸ். ஒரு பெண் காலையில் தூக்குவாளியோடு ஆபீசுக்குப் போகிறேன் என்று சொன்னால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறாள் என்று அர்த்தமில்லை. தாத்தா காலத்திலிருந்து இந்தப் பேச்சுதான். இதில் ஒரு வில்லங்கம் இருக்கும் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றியதில்லை.

தீ விபத்து பாலிசி எடுத்துக்கொள் என்று நான் அவனிடம் ஆறு வருஷம் சொன்னேன். ஏழாவது வருஷம் ஒத்துக்கொண்டான். படிவத்தை விரித்து நான் நிரப்ப ஆரம்பித்தேன். ஷெட்டைச் சுற்றி நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி. வடக்கே காலி மனை, தெற்கே புளியந்தோப்பு, மேற்கே கம்மங்காடு என்று எழுதினேன். கிழக்கே ரோடு என்று எழுதி முடிக்கப் பார்த்தேன். அது பொய்யில்லையே, ரோடு இருக்கத்தானே செய்கிறது? பட்டாசு என்று தெரிந்தால் பிரீமியத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடுவார்கள். இவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரோட்டுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு எழுதுலே. நாளைக்கு ஒண்ணுன்னா, மறைச்சிட்டான்னு ஒருத்தன் நம்மளச் சொல்லிரக் கூடாது."

படிவம் இங்கிலீஷில் இருந்தது. நானும் இங்கிலீஷிலேயே, "ஆப்போசிட் ஃபயர் ஆபீஸ்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அவன் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டான்.

பாலிசி வந்தது. பார்த்தால், பிரீமியம் ஏறவில்லை, நான் போட்ட கணக்கைவிடக் குறைந்திருந்தது. நானாக இருந்தால் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். இவன் சட்டையை மாட்டிக்கொண்டு விருதுநகர் கிளைக்குப் போய், எனக்கு ஏன் குறைத்துப் போட்டீர்கள் என்று சண்டைக்கு நின்றான். அங்கே இருந்த கிளார்க் அதற்கு முன்னால் இப்படி ஒரு புகாரைக் கேட்டதில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, எதிரே ஃபயர் ஆபீஸ் இருப்பதால் தள்ளுபடி என்று சொன்னார். அவரும் வெளியூர். இவன் அரை மணி நேரம் யோசித்தபடி பஸ்ஸில் திரும்பி வந்து என்னிடம் விளக்கம் சொன்னான். பயராபீஸ் பக்கத்தில் இருக்கிறவன் பயந்து பயந்து ஜாக்கிரதையாக இருப்பான், அதனால் அவனுக்குத் தீ விபத்து வராது, கம்பெனிக்காரர்கள் என்னமாய்க் கணக்குப் போட்டிருக்கிறார்கள் பார் என்று மெச்சினான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருபத்தாறு வருஷ அனுபவம் உள்ள ஏஜெண்டு நான். என் மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சந்தேகம் முழுசாகப் போகாமல், பிரீமியம் குறைவாக இருப்பது சரிதானா என்று பார்த்துச் சொல்லவும் என ஒரு கடிதமும் எழுதிப் போட்டான். பதில் வரவில்லை.

ஜாக்கிரதை என்ற பேச்சு வந்ததும் அவனுக்கு ஒரு யோசனை. மதுரையிலிருந்து தீ எச்சரிக்கை மணி ஒன்றை வாங்கிவந்து ஷெட்டில் மாட்டினான். கரண்ட் போனாலும் மணி அடிக்க வேண்டும் என்று அதற்கு ஒரு பெரிய பேட்டரி வைத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை இதுதான். பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்கள் பின்பக்கம் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பேட்டரிதான் சூடாகி வெடித்துப் பற்றிக்கொண்டது. முதலில் எரிந்துபோனது மணி. அதனால் அது அடிக்கவே இல்லை.

அய்யம்மாள் தயிர்சாதத்தோடு திரும்பிப் பார்த்தபோது கூரை வழியாகப் புகை வந்துகொண்டிருந்ததாம். அய்யம்மாள்தான் அங்கே மூத்த வேலைக்காரி, தகரப் பட்டை அடிக்கும் மெஷினில் இருப்பவள். அவள் போட்ட கூப்பாட்டுக்கு எதிரே இருந்த பயராபீஸ் முழுவதும் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தது. அங்கே போர்மேன் பாண்டிமுருகன். அவனும் அவன் ஆட்களும் மணல் வாளியும் தண்ணீர் வாளியுமாக வரிசை கட்டி நின்றதைப் பார்த்தால் பட்டாளம் மாதிரி இருந்தது என்பாள் அய்யம்மாள். அவர்களுக்கு அது வாரா வாரம் பழகுகிற பாடம். தீயணைப்பு வண்டி தூரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் அணைத்து முடித்து, அந்த வண்டிக்காரர்களுக்கும் டீ சொல்லிவிட்டார்கள். யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனால் பாதி ஷெட்டும், வெட்டும் மெஷினும், ஒட்டும் மெஷினும், வெட்டி அடுக்கியிருந்த அட்டை அத்தனையும் போய்விட்டது.

லட்சுமிகாந்தம் சாம்பலுக்குள் நின்றுகொண்டு, "இன்சூரன்ஸ் இருக்குல்ல" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. அந்தப் பெண்களுக்குத் தைரியம் சொன்னான்.

அவனுக்கு இருந்த கெடு ஆடி மாதம். ஆடியில்தான் எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டருக்கு ஆர்டர் பிடிப்பார்கள். அதற்குள் கூரை போட்டு மெஷின் இறக்காவிட்டால் ஒரு வருஷ ஆர்டர் கைமாறிப் போகும். ஒரு தடவை கைமாறினால் திரும்பி வராது. அப்புறம் இடத்தை விற்க வேண்டியதுதான். மணிகண்டராஜ் கெட்ட மனிதரில்லை. மரியாதையாகத்தான் வந்து கேட்டார், அண்ணாச்சி, விற்கிற யோசனை வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், குடோனாக வைத்துக்கொள்கிறேன் என்று. இருபத்திரண்டு பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பட்டாசுக் குடோனில் அவர்களுக்கு என்ன வேலை? எல்லாம் கம்பெனி கொடுக்கப்போகிற பணத்தில் நின்றது.

சித்திரையில் நஷ்டத்தை மதிப்புப் போடச் சென்னையிலிருந்து கம்பெனியின் சர்வேயர் வந்தார். விக்னேஷ்குமார் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது, வெள்ளைச் சட்டை, முதுகில் பை. எங்கள் பக்கம் சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர். அய்யம்மாள் அவரை வழியில் மறித்து, "சர்வேயர் சார், எங்க வீட்டு மேக்கால எல்லைக்கல்ல ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க, பக்கத்து வீட்டுக்காரி மூணு அடி உள்ள வந்துட்டா" என்று மனு கொடுத்தாள். அவர் பாவம், போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

ஆனால் அதற்கு முன்னாலேயே அவர் பட்டபாடு பெரும்பாடு. திருத்தங்கலில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம், ஃபயர் ஆபீஸ் எதிரே ஒரு காலண்டர் கம்பெனி, அங்கே போகணும் என்றிருக்கிறார். எந்த பயராபீஸ் என்று ஆட்டோக்காரர் கேட்டார். எத்தனை இருக்கிறது என்று இவர் கேட்டார். அது கிடக்கு சார் ஊர்பட்டது, எம். புதுப்பட்டி வரைக்கும் இருக்கு என்று அவர் சொல்ல, விக்னேஷ்குமார் அசந்துபோய் நோட்டில், இந்த வட்டாரத்தில் தீயணைப்பு வசதி அபாரம் என்று எழுதிக்கொண்டார். அந்த நோட்டை நானே பின்னால் பார்த்தேன்.

ஆட்டோவை விட்டு இறங்காமலே ஐந்து பயராபீஸ் சுற்றிவிட்டு ஆறாவதாக மணிகண்டராஜின் கேட்டுக்கு வந்தார். வாட்ச்மேன் அவருடைய செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். என்ன ஒரு கட்டுப்பாடு என்று விக்னேஷ்குமாருக்கு மகிழ்ச்சி. வரிசையாகச் சிவப்பு வாளியில் மணல். அதிலும் மகிழ்ச்சி. பாண்டிமுருகன் வெளியே வந்தான். உங்களிடம் எத்தனை வண்டி நிற்கிறது என்று இவர் கேட்டார். சும்மா நாளில் ஒன்று, சீசனில் நாலு லோடு போகும் என்றான் பாண்டிமுருகன். கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள் என்று கேட்டார். ஆர்டரைப் பொறுத்தது, அட்வான்ஸ் கொடுத்தால் சீக்கிரம் வரும் என்றான். தீயை அணைக்க அட்வான்ஸா என்று விக்னேஷ்குமாருக்கு முகம் மாறிவிட்டது. அப்போதுதான் உள்ளேயிருந்து ஒருத்தி ராக்கெட்டுப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

பதினைந்து நாளில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எதிரே தீயணைப்பு நிலையம் இருப்பதாகத் தவறான தகவல் தந்து தள்ளுபடி பெற்றிருக்கிறீர்கள், உண்மையில் இருப்பது பட்டாசுத் தொழிற்சாலை, ஆகவே உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அதை நான்தான் அவனுக்குத் தமிழில் சொன்னேன். அவனுக்கு முதலில் புரியவே இல்லை.

"எதுக்க பயராபீஸ் இருக்கா இல்லையா? இருக்குன்னுதானலே எழுதுனோம்?"

இருக்கிறது. எழுதினோம். ஆனால் சென்னையில் ஃபயர் ஆபீஸ் என்றால் தீயை அணைக்கிற இடம், இங்கே தீயைச் செய்கிற இடம் என்று நான் விளக்கினேன். எழுதின கை என் கைதான். அவன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சென்னைக்கு ஓடினோம். அங்கே இருந்த அதிகாரிகளிடம் இவன், அன்றைக்கே பிரீமியம் குறைவாக இருக்கிறது என்று கடிதம் எழுதினேனே, ஏமாற்ற நினைக்கிறவன் அப்படி எழுதுவானா என்று கேட்டான். நல்ல கேள்வி. அவர்கள் அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, ஆக, தள்ளுபடி தவறு என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அதையும் அவன் மேலேயே எழுதினார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். மெய் சொன்ன வாய்க்கும் கிடைக்காது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

விக்னேஷ்குமார் நல்ல பையன். எங்களை வெளியே கூட்டிப்போய் ஒரு படிவத்தைக் காட்டினார். மேல்முறையீடு செய்கிற படிவம். தவறான தகவலுக்குக் காரணம் யார் என்று கேட்டு, அதில் இரண்டு கட்டம். ஒன்று, வாடிக்கையாளர் ஏமாற்றினார். இரண்டு, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் ஏஜெண்டு ஏமாற்றினார். முதல் கட்டத்தில் டிக் அடித்தால் பணம் இல்லை. இரண்டாவதில் அடித்தால் பணம் வரும், ஏஜெண்டின் லைசென்ஸ் போகும். யாரும் ஏமாற்றவில்லை, வார்த்தைதான் ஏமாற்றிவிட்டது என்று சொல்ல எங்கே டிக் அடிப்பது என்று கேட்டேன். அதற்குக் கட்டம் இல்லை சார் என்றார். மிகவும் வருத்தமாகத்தான் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் லட்சுமிகாந்தம் என்ன செய்தான் தெரியுமா? அட்டை வெட்டுகிற இரும்பு ஸ்கேலை எடுத்து, படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் அளந்து கோடு போட்டான். முதல் இரண்டு கட்டமும் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மில்லிமீட்டர். பக்கத்தில், "யாரும் ஏமாற்றவில்லை" என்று எழுதி டிக் அடித்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினான். வைகாசி முழுவதும் பதிலுக்குக் காத்திருந்தோம். படிவத்தைச் சேதப்படுத்தியதால் செல்லாது, புதுப் படிவம் இணைத்துள்ளோம், அதைச் சேதப்படுத்த வேண்டாம் என்று பதில் வந்தது.

ஆனி பிறந்துவிட்டது. இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்துத் தொலை என்று அவன் வீட்டுத் திண்ணையிலும் தெருவிலும் வைத்துக் கத்தினேன். எனக்கு அறுபது நெருங்குகிறது, லைசென்ஸை வைத்துக்கொண்டு ஊறுகாயா போடப் போகிறேன் என்றேன். நீ ஏமாற்றினாயா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்புறம் எப்படி அடிப்பேன் என்றான். இவனிடம் பேசுவதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்று. எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அய்யம்மாள் என்னைத் தேடி வந்தாள். நாலு பெண்கள் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள் என்றாள். மணிகண்டராஜ் முதலாளி நேற்று வந்து இடத்தை அளந்துவிட்டுப் போனார் என்றாள். அவள் எதையும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மத்தியானமே நான் கம்பெனிக்கு ஒரு வாக்குமூலம் எழுதினேன். எதிரே இருப்பது பட்டாசுத் தொழிற்சாலை என்று வாடிக்கையாளர் தெளிவாகச் சொன்னார். நான்தான் தள்ளுபடிக்காகவும் என் கமிஷனுக்காகவும் வேண்டுமென்றே மாற்றி எழுதினேன், அவருக்கு இங்கிலீஷ் சரியாகத் தெரியாது. கையெழுத்து, சங்கரலிங்கம். எழுதுவதற்குக் கஷ்டமாகவே இல்லை. நான் இருபத்தாறு வருஷம் ஏஜெண்டாக இருந்தவன். அவன் மேல் இருந்த கோபமும் கை கொடுத்தது.

பத்து நாளில் என் லைசென்ஸ் போனது. ஆனால் பணம் வரவில்லை. வாடிக்கையாளர் தன் வாயால் அதை உறுதி செய்ய வேண்டும், நேரில் வந்து பதிவு செய்வோம் என்று விக்னேஷ்குமார் மறுபடி வந்தார். அப்போதுதான் லட்சுமிகாந்தத்துக்கு நான் எழுதியது தெரிந்தது. என்னை ஆள் விட்டு அழைத்தான். போனேன். பாதி எரிந்த ஷெட்டில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மிச்சமிருந்த பதினெட்டுப் பெண்களும் சுவரோரம் நின்றார்கள். பாண்டிமுருகனும் ரோட்டைத் தாண்டி வந்து வாசலில் நின்றான். விக்னேஷ்குமார் செல்போனை எரியாமல் மிஞ்சிய ஒரு அட்டைக் கட்டின்மேல் சாய்த்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

"உங்க ஏஜெண்ட் சங்கரலிங்கம், உங்களுக்குத் தெரியாம, வேணும்னே தப்பா எழுதி ஏமாத்தினாரா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொன்னா போதும் சார்."

லட்சுமிகாந்தம் என்னைப் பார்த்தான். நான் கண்ணால் கெஞ்சினேன். அப்புறம் அந்தப் பெண்களைப் பார்த்தான். அவர்கள் அவனைப் பார்க்கவில்லை, எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவன் இல்லை என்றுதான் சொல்லப்போகிறான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஐம்பது வருஷமாகத் தெரிந்தவன் இல்லையா? அவன் உதடு இரண்டு தடவை அசைந்து நின்றுபோனது. நெற்றியில் வேர்வை இறங்கியது. அதை அவன் துடைக்கவில்லை.

"ஆமா" என்றான்.

அதே நேரம் எதிரே பயராபீஸில் சாம்பிள் வெடி ஒன்று போட்டார்கள். ஷெட்டின் மிச்சத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

விக்னேஷ்குமார் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது. வெடிச் சத்தம்தான் விழுந்திருக்கிறது, நீங்கள் சொன்னது கேட்கவில்லை, மன்னிக்கணும், இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக என்றார். பாண்டிமுருகன் ரோட்டுக்கு ஓடி, நிறுத்துங்கடா என்று கையைக் காட்டினான். எதிரே வேலையே நின்றுபோய் ஊர் அமைதியானது. விக்னேஷ்குமார் அந்தக் கேள்வியை முதலிலிருந்து முழுசாக, என் பெயரோடு, மறுபடி கேட்டார்.

"ஆமா சார்" என்றான் லட்சுமிகாந்தம், நன்றாகக் கேட்கும்படி.

ஆடி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது பணம் வந்தது. கூரை ஏறியது, மெஷின் இறங்கியது, போன நாலு பெண்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். எல்லாவற்றையும் எனக்கு அய்யம்மாள்தான் சொன்னாள். திறந்த அன்றைக்குச் செய்த கேசரியையும் அவள் கையில்தான் கொடுத்துவிட்டான். அவன் வரவில்லை. நான் எதிரே வந்தால் சைக்கிள் கடைக்குள் ஒதுங்கினான். என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கெட்ட கோபம் எனக்கும் வந்தது. லைசென்ஸை இழந்தவன் நான், ஒளிந்துகொள்கிறவன் அவனா?

இதற்கு நடுவே என் வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. கம்பெனியை ஏமாற்றித் தள்ளுபடி வாங்கித் தந்த ஆள் என்று என் பெயர் விருதுநகர் வரைக்கும் பரவியிருந்தது. இருபத்தாறு வருஷம் நான் வீடு வீடாகப் போய் நின்றபோது காபிகூடக் கொடுக்காதவர்கள் என் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். லைசென்ஸ் போய்விட்டது என்று சொன்னால், அதெல்லாம் தெரியும், அதனால்தான் வந்தோம் என்றார்கள். நான் விரட்ட விரட்ட வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எம். புதுப்பட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து அப்படி உட்கார்ந்திருந்தபோது லட்சுமிகாந்தம் வந்தான். வாசலிலேயே நின்றான். அவர்களில் ஒருவர் அவனிடம், நீங்களும் சங்கரலிங்கம் அண்ணாச்சியைப் பார்க்கத்தானே, எப்பேர்ப்பட்ட கைகாரர், பக்கத்துக் கிணற்றைக் காட்டிக் கடல் என்று எழுதிவிடுவாராம் என்று என்னைப் புகழ்ந்தார். லட்சுமிகாந்தம் கையைக் கூப்பி, இவன் யாரையும் ஏமாற்றினவன் இல்லை, தயவுசெய்து போய்விடுங்கள் என்றான். அவர்கள் ஒன்றும் புரியாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள்.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மனைவி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"ஒன்னத் திருடன்னு சொல்லிட்டேன்லே" என்றான். "அம்புட்டுப் பொம்பளைக முன்னால."

நல்லதுக்குத்தானே சொன்னாய், விடு என்றேன். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது, எனக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஊரே என்னைக் கும்பிடுகிறது என்று சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான். அது இல்லை என்றான். காபியைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தான். அவன் கண் நிறைந்திருந்ததைப் பார்த்ததும் இத்தனை நாள் நான் வளர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"மொதத் தடவ ஆமான்னு சொல்லுறப்ப நெஞ்சு வெடிச்சிரும்போல இருந்துச்சு. செத்துருவேன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவ கேட்டான் பாரு, அப்ப ஒண்ணுமே செய்யல. லேசா வந்துருச்சு. சார்னு வேற சேத்துச் சொல்லுறேன். அதான்லே எனக்குப் பயமா இருக்கு."